வேலுத்தாய் விறகு பொறுக்கப் போகவில்லை

1

ஆய்வாளர் ஐயா, நீங்கள் பொய் எழுதினீர்கள். நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய அறை வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு கிடந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போனீர்கள். உள்ளே நாலு பேரைப் பார்த்தீர்கள். வெளியே வந்து "விதிமீறல் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தத் தாளின் நகல் இப்போது என் கைப்பேசியில் இருக்கிறது.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு உங்கள் ஜீப் வந்த காலம் ஊருக்கும் தெரியும். நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், கோயில் கமிட்டியில் இருக்கிறீர்கள், நல்ல சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியே இருங்கள். பதில் சொல்வதற்குச் சுகமாக இருக்கிற ஆள்தான் வேண்டும்.

நான் எழுத்தாளர் இல்லை. பத்தாவது வரை படித்தவள். பத்து வருஷமாக இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன், இரண்டு வருஷமாக ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு ஓட்டலில் சமையல்காரர். இந்தப் பத்திரிகைக்கு முன்பு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், ஒன்று பனியைப் பற்றி, ஒன்று இங்கே கிடைக்கிற கருவாட்டைப் பற்றி. இது அந்த மாதிரி இல்லை.

2

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டின் பொறுப்பாளர் ஓர் அயர்லாந்துக்காரப் பெண், நல்ல மனுஷி. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இன்ஸ்பெக்‌ஷன்! வந்துட்டாங்க, வாசல்ல இருக்காங்க!" என்று இங்கிலீஷில் சொன்னாள். சாப்பாட்டுச் சுத்தம் பார்க்கிற அதிகாரிகள். வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லாமல் வருவார்கள். குளிர்பெட்டியில் வெப்பமானி இருக்கிறதா, பச்சைக் கறியும் வெந்த கறியும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு அது தெரியும். போன வருஷம் அவர்கள் வந்தபோது நான் விடுப்பில் இருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கால் ஓடிவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. செருப்பைக்கூட உதறிவிட்டுப் பின்கதவைத் திறந்து, குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, வேலி ஓரமாக இருக்கிற புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். குத்துக்காலிட்டு, தலையைக் குனிந்து, வாயைப் பொத்தி. கையில் கிழங்கு சீவுகிற கத்தி. மழை தூறிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம் அப்படியே இருந்தேன்.

மாடி ஜன்னலில் இருந்து ஒரு கிழவர் பார்த்துவிட்டார். தொண்ணூறு வயது. அவருக்குத் தன் பெயரே பாதி நாள் ஞாபகம் இருக்காது. அன்றைக்குப் பார்த்து எல்லாம் ஞாபகம் வந்து, மணி அடித்து, "தோட்டத்தில் ஒரு பெண் கத்தியோடு ஒளிந்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டார்.

இந்த நாட்டில் அதிகாரியைப் பார்த்து ஓடுகிற வெளிநாட்டுக்காரிக்கு ஒரே அர்த்தம்தான். அவளிடம் காகிதம் இல்லை. என்னிடம் எல்லாக் காகிதமும் இருக்கிறது. வேலை செய்ய உரிமை இருக்கிறது, வரி கட்டுகிறேன், பல் வைத்தியரிடம்கூடப் பெயர் பதிந்திருக்கிறேன். ஆனாலும் மறுநாள் அலுவலகத்தில் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறுபடி கேட்டார்கள். மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தே பேசினார். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்தார். "பணியிடத்தை விட்டு ஏன் வெளியேறினீர்கள்? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்."

என் சொந்த வார்த்தை எதுவும் அந்த மொழியில் இல்லை. "வயிறு சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். வயிறு சரியில்லாதவள் எதற்குப் புதருக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரைப் பற்றி என்ன நினைத்தாரோ.

3

பட்டாசுக் கம்பெனிக்குள் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே பெரிய கட்டடம் கிடையாது. பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது விதி. வெடித்தால் சாவு நாலோடு நிற்கட்டும் என்றுதான் அந்தக் கணக்கு. செருப்பில் ஒட்டி வரும் மண்ணும் கல்லும் உரசித் தீப்பொறி வரும் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம்.

தீபாவளிக்கு முந்தைய சீசனில் நாலு பேர் எங்கே போதும்? ஒன்பது, பத்து பேர் உட்காருவோம். பதிவேட்டில் பெயர் இருப்பவர்கள் நாலு பேர். மீதிப் பேருக்கு 'எக்ஸ்ட்ரா' என்று பெயர். நான் எக்ஸ்ட்ரா. பக்கத்து வீட்டு வேலுத்தாய் அக்காவும் எக்ஸ்ட்ரா. ஆறு வருஷமாக எக்ஸ்ட்ரா.

ஜீப் வந்தால் வாட்ச்மேன் இரண்டு தடவை விசில் அடிப்பார். எக்ஸ்ட்ரா எல்லாம் பின்கதவு வழியாக ஓடி, கம்பிவேலி இடைவெளியில் நுழைந்து, சீமைக்கருவேலங்காட்டுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். செருப்பு முன்வாசலில் கிடக்கும். வெறுங்காலோடுதான் ஓடுவோம். எல்லாவற்றையும் ஒளிக்கத் தெரிந்த ஃபோர்மேனுக்குச் செருப்பை ஒளிக்க மட்டும் தோன்றியதே இல்லை.

வேலுத்தாய் அக்கா கேலிக்காரி. புருஷன் விட்டுட்டுப் போனதையே கேலியாகச் சொல்கிறவள். காட்டுக்குள் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொல்வாள்: "ஜீப்பு வந்தா நாமெல்லாம் சாமியாகிருதோம்டி. யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டோம்."

"சாமிக்கு இப்படியா முள்ளு குத்தும்?" என்பேன்.

"ஏன், குத்தாதா? நம்ம ஊரு சாமி எல்லாம் காட்டுக்குள்ளதான உக்காந்திருக்கு. அதுகளும் எக்ஸ்ட்ராதான்."

சிரிப்போம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அது எங்களுக்கு அவமானமாகவே தெரியவில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. விசில் சத்தத்துக்கு எழுந்து ஓடுவதை வேலையின் ஒரு பகுதி என்று நினைத்தோம். திரி வைப்பது மாதிரி, சரம் பின்னுவது மாதிரி, அதுவும் ஒரு வேலை.

4

அன்றைக்கும் விசில் அடித்தது. வெள்ளி மருந்து இடிக்கிற அறையில் இருந்தோம். அலுமினியத் தூள். அதில் கை வைத்தால் முழங்கை வரை வெள்ளியாக மின்னும். ஓடினோம். காட்டுக்குள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு சத்தம் போட்டாள். ஒரே ஒரு சத்தம். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. கண்ணாடி விரியன் சருகுக்குள் போவதை நான் பார்த்தேன்.

அவள் இன்னொரு தடவை கத்துவதற்குள் அவள் வாயை நான் பொத்தினேன். ஆமாம், நான்தான். "கத்தாதக்கா, ஜீப்பு நிக்குது" என்றேன்.

ஒருத்தி தவழ்ந்து போய் ஃபோர்மேனிடம் சொன்னாள். அவர் ஆபீஸ் அறைக்குள் போனார். உள்ளே முதலாளியும் ஆய்வாளரும் இருந்தார்கள். ஜன்னல் வழியாக ஆய்வாளரின் முதுகு எங்களுக்குத் தெரிந்தது. இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் வெளியே வந்து, வேலிப்பக்கம் நின்று, எங்களைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "பொறுங்க. சார் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காக."

பொறுத்தோம். முக்கால் மணி நேரம். நாங்கள் ஐந்து பேர், அதில் ஒருத்தி காலில் சேலைக் கிழிசலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். நூறடி தூரத்தில் ஒரு அரசாங்க ஜீப். அதில் தூக்கிப் போட்டிருந்தால் அரைமணியில் ஆஸ்பத்திரி. எங்களில் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.

ஜீப் போன பிறகு வேன் வந்தது. தூக்கப் போனபோது ஃபோர்மேன் தடுத்தார். "கையக் கழுவுங்க மொதல்ல. ஆஸ்பத்திரில கையப் பாத்தாக்க கேப்பாக."

நான்தான் கழுவினேன். சோப்பும் தேங்காய் நாரும் வைத்து, முழங்கையிலிருந்து விரல் நகம் வரைக்கும். வெள்ளி மருந்து லேசில் போகாது. அக்காவுக்கு அப்போதும் நினைவு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஏ கனி, கை எங்கயும் போயிராதுடி. மொதல்ல என்னயத் தூக்குங்கடி."

நான் கழுவி முடித்த பிறகுதான் தூக்கினார்கள்.

இரண்டாம் நாள் செத்துப் போனாள். போலீஸ்காரர் கேட்டபோது, ஃபோர்மேன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். "விறகு பொறுக்கப் போனாக சார். நான் அந்தப் பக்கமா போனேன், பாத்தேன்." நான் எதற்கு அந்தப் பக்கம் போனேன் என்று அவரும் கேட்கவில்லை. யாரும் எதையும் கேட்காத நாள் அது. எல்லாரும் அவ்வளவு நல்லவர்கள்.

பிறகு கம்பெனிக்காரர்கள் அந்தக் கதையில் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள். காடு கம்பெனி நிலம். அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைந்து விறகு திருடியவள் என்று ஆக்கினார்கள். ஆறு வருஷம் அவர்களுக்கு மருந்து இடித்தவள், செத்த பிறகு திருடி.

5

அவள் மகள் முனீஸ்வரிக்கு அப்போது ஏழு வயது. இப்போது இருபத்துநாலு. அம்மாச்சிதான் அவளை வளர்த்தாள். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கணினியில் வடிவமைப்பு செய்கிறாள். நாலு மாதத்துக்கு முன்னால் என் எண்ணை எப்படியோ பிடித்துக் கூப்பிட்டாள். அம்மாவைப் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறாள். கம்பெனிப் பதிவேட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை என்று பதில். கூடவே அன்றைய ஆய்வு அறிக்கையின் நகல், அதை எனக்கும் அனுப்பினாள். இறப்பு நடந்த சூழ்நிலையைத் திருத்தி எழுத வேண்டுமானால் உடன் வேலை பார்த்தவரின் சாட்சி வேண்டும் என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார்.

"எனக்குத் துட்டு வேண்டாம் சித்தி" என்றாள். "பள்ளிக்கூடத்துல வெறகு திருடி மகள்னு கூப்பிட்டாக. இப்ப மாப்பிள்ளை பாக்க வந்த வீட்லயும் அதையே கேக்காக. எங்கம்மா அன்னைக்கு வேலைக்குப் போனாகளா, வெறகுக்குப் போனாகளா? நீங்க அங்கன இருந்தீகளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

நான் உடனே சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்த்தா" என்றேன். நாலு மாதம் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்று இருக்கிறது. என் தம்பி அந்தக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறான்.

அவனிடம் சொன்னேன். வீடியோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏக்கா, நீ அங்கன குளுருல ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு நியாயம் எழுதிருவ. இங்கன நாளைக்குக் காலைல யாரு முன்னாடி போயி சாவிய வாங்குறது? நீயா?"

"வேலுத்தாய் அக்கா உனக்கு இட்லி குடுத்து வளத்தவடா."

"அதுக்கு? செத்தவுக வந்து இனிமே இட்லி குடுப்பாகளா? ஏம்புள்ளைக்கு யாரு குடுப்பா? வெளிநாட்டுல இருந்துக்கிட்டு எங்க தொழில நாறடிக்காதக்கா. எதாச்சும் ஒண்ண எழுதுவ, இங்கன நாலு கம்பெனிக்குச் சீல் வப்பான். எம்புட்டுப் பேரு வீட்ல அடுப்பு எரியாது தெரியுமா?"

அவன் சொல்வதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நானும் அந்த மருந்தில்தான் வளர்ந்தேன். அவன் படித்தது, என் கல்யாணம் எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். கம்பெனியை மூடு என்று நான் கேட்கவே இல்லை. தீபாவளிக்கு நானும் இங்கே பட்டாசு வாங்குகிறேன். நான் கேட்பது, உள்ளே இருக்கிற ஆளை உள்ளே இருக்கிற ஆள் என்று எழுது. அதற்கே அடுப்பு அணைந்துபோகும் என்றால் அந்த அடுப்பை யார் அப்படி வைத்தது?

இதைத் தம்பியிடம் சொன்னேன். "பேசுறது ஈசிக்கா" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் எண்ணுக்கு அவன் எடுப்பதில்லை.

இங்கே இருக்கிற தூதரக அலுவலகத்துக்கு வாக்குமூலம் கொடுக்கும் விதத்தைக் கேட்டு எழுதினேன். ஒரு படிவம் அனுப்பினார்கள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம். மனைவி, மகன், மகள், பெற்றோர், உடன்பிறந்தோர், மற்ற உறவினர். ஒரே அறையில் உட்கார்ந்து மருந்து இடித்தவள் என்பதற்குக் கட்டம் இல்லை. நேரில் போய் வரிசையில் நின்று கேட்டபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "அவங்க அங்கே வேலை பார்த்ததுக்கு ரெக்கார்டு இருந்தால்தானே நீங்க உடன் வேலை பார்த்தவர்?" என்று கேட்டார். அவளும் எக்ஸ்ட்ரா, நானும் எக்ஸ்ட்ரா. இல்லாத ஒருத்திக்கு இல்லாத இன்னொருத்தி சாட்சி. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இந்த நிலைமையில்தான் நான் புதருக்குப் பின்னால் போய் ஒளிந்தது. செய்தி என் மகள் யாழினிக்கும் தெரிந்துவிட்டது. அவளுடன் படிக்கிற பெண்ணின் அம்மா எங்கள் இல்லத்தில்தான் நர்ஸ். யாழினிக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். 'ழ' அவள் பெயரிலேயே இருக்கிறது, அவள் வாயில் இல்லை. முகம் சிவந்து வந்து நின்றாள். எல்லாரும் நம்மைக் கள்ளத்தனமாக வந்தவர்கள் என்று பேசுகிறார்கள், ஏன் ஓடினீர்கள் என்றாள்.

மேலாளருக்குச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். வாயைப் பொத்தியதையும் கை கழுவியதையும்கூடச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் மனித உரிமை என்று ஒரு பாடம். சுவரில் ஒட்ட அட்டைகூட எழுதிக் கொடுத்தாள். எல்லா மனிதரும் சமமான கண்ணியத்தோடு பிறக்கிறார்கள் என்று வண்ணப் பேனாவில். அவள் கேட்டது ஒரே கேள்வி. இங்கிலீஷில் இல்லை, தமிழில் கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

"நீங்க அஞ்சு பேர் இருந்தீங்கல்ல? ஏம்மா யாரும் வெளிய வரல?"

பயம் என்றேன். வேலை போய்விடும் என்றேன். எல்லாரும் அப்படித்தான் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன். வெளியே வரலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஜீப் நிற்கும்போது நாங்கள் அங்கே இல்லை. அதை நாங்களே நம்பிவிட்டோம். ஆறு வருஷம் ஒருத்தியை எண்ணாமல் விட்டால், சாகிற நேரத்தில்கூட அவள் தன்னை எண்ண மாட்டாள். அவள் பக்கத்தில் இருக்கிறவளும் எண்ண மாட்டாள்.

யாழினி எழுந்தாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த நாட்டைப் புகழ்ந்து நான் எழுத வரவில்லை. எங்கள் இல்லத்தில் நினைவு தப்பிய கிழவர் அறைக்குள் போவதானாலும் கதவைத் தட்டி, பெயர் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். அதே இல்லத்தில் ராத்திரி தரை துடைக்க வருகிற பெண்ணுக்குப் பெயர் கிடையாது, 'ஏஜென்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் பெயர் கேட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்று பயந்துபோனாள்.

6

போன ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கை கழுவியதையும் சொன்னேன்.

பிறகு கேட்டாள்: "எவ்வளவு நேரம் கழுவுனீக சித்தி?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"சரி. அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். வாக்குமூலமாகவும் எழுதி, கட்டத்தில் 'மற்ற உறவினர்' என்பதை அடித்துவிட்டு 'உடன் வேலை பார்த்தவள்' என்று என் கையெழுத்தில் எழுதி, தூதரக அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புவேன். என்மேல் வழக்குப் போடுவதானாலும் போடட்டும். போலீசில் பொய் சொன்னது நான். என் தம்பி இதைப் படித்தால், அவனைக் கேட்காமல்தான் செய்தேன் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொள்ளட்டும். அது உண்மைதான்.

இனி என் பங்கில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது. பதினேழு வருஷமாகத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும், ஆய்வாளர் ஐயா.

ஃபோர்மேன் செத்துப் போய்விட்டார். முதலாளிக்கு இப்போது பேச்சு வராது என்று அவர் மகன் சொல்கிறார். அந்த ஆபீஸ் அறைக்குள் இருந்த மூன்று பேரில் வாய் பேசக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். காட்டுக்குள் ஒருத்தியைப் பாம்பு கடித்துவிட்டது என்று தெரிந்துதான் ஃபோர்மேன் உள்ளே வந்தார். வந்து என்ன சொன்னார்? முதலாளியின் காதோடு சொன்னாரா, உங்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாரா? கேட்ட பிறகும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களா, அல்லது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?

தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். நான் நம்புகிறேனோ இல்லையோ, அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எனக்குத் தனியாகக் கடிதம் போடாதீர்கள். என் தம்பி வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். முனீஸ்வரியைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாதீர்கள். நான் இதை எழுதுகிற இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, எங்கள் ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி எழுதுங்கள். அந்த அறையில் உங்கள் முன்னால் என்ன பேசினார்கள்? பதில் சொல்லுங்கள்.